ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அடிமனை பற்றி என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வீடுகள். முப்பத்தெட்டும் கோயில் மனை. சுவரும் கூரையும் கொல்லை முருங்கையும் எங்களுடையவை. அவை நிற்கிற மண் சுவாமியுடையது. அந்த மண்ணுக்கு மாதா மாதம் வாடகை கட்டுகிறோம். கும்பகோணத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, ‘அடிமனை வீடு’ என்றால் போதும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கும் மயிலாப்பூர்க்காரர்களுக்கும்கூட அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் புரிந்துவிடும்.

நான் பதினேழு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுவும் எழுதித் தருவேன். 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரிடமும், “அடிமனைக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டோம். “பட்டா வாங்கித் தருகிறோம்” என்று ஐந்து பேரும் சொன்னார்கள். கை தட்டி, ஆரத்தி எடுத்து அனுப்பினோம். பட்டா வரவில்லை. வரவும் வராது, ஏனென்றால் அது கவுன்சிலர் கையில் இல்லவே இல்லை. அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல், அவரால் தர முடியாததைக் கேட்டுவிட்டு ஐந்து வருடத்தை விட்டுவிட்டோம். அந்தத் தேர்தலில் வந்த மாநகராட்சி மாமன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. இந்த முறை அப்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக் காகிதம்

வேட்பாளரிடம் போவதற்கு முன் உங்கள் வீட்டின் நிலை உங்களுக்குத் தெரிய வேண்டும். இதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் எல்லாக் காகிதமும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அடியில் 1968-ம் வருட ரசீது, தாத்தா பெயரில். மேலே வர வர ரசீதின் நிறம் மாறுகிறது, தொகை மாறுகிறது, முத்திரை மாறுகிறது. பெயர் மட்டும் மாறவில்லை. தாத்தா 1987-ல் காலமானார். அதற்குப் பிறகும் அப்பா இருபத்து நான்கு வருடம் தாத்தா பெயரிலேயே கட்டிக்கொண்டு வந்தார். வாங்கியவர்களும் ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை. அப்பாவும் போன பிறகு, 2018-ல் ஒரு தபால் வந்தது. வாடகையை 2016-லிருந்தே முன்தேதியிட்டு உயர்த்தி, நிலுவையைக் கட்டச் சொல்லியிருந்தார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கீழே ஒரு வரியில் எங்களை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று எழுதியிருந்தது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். “ஐம்பது வருஷமா வாடகை கட்டினவங்களை இப்படியாடி எழுதுவாங்க?” என்றாள். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் சட்டத்தில் இருக்கிறது. இந்து சமய அறநிலையச் சட்டம் 1959. அதன் 34-ம் பிரிவுப்படி ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். குத்தகைக் காலம் முடிந்தோ ரத்தாகியோ, அதற்குப் பிறகும் தொடர்ந்து இருப்பவர்களை 78-ம் பிரிவு ஆக்கிரமிப்பாளர் கணக்கில்தான் சேர்க்கிறது. ரசீது கையில் இருக்கிறது என்பதற்காகக் குத்தகை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. சொத்து வரி ரசீதும் அப்படித்தான். அந்த வீட்டில் நீங்கள் குடியிருப்பதற்கு அது சாட்சி, மனைக்கு உரிமை தராது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் உட்கார்ந்து வீடு வீடாகப் பாருங்கள். குத்தகைக் காலம் இன்னும் முடியாதவர்கள் யார், காலம் முடிந்து வெறும் ரசீதில் ஓடுபவர்கள் யார், இறந்தவர் பெயரிலேயே கட்டுபவர்கள் யார். நாங்கள் பார்த்தபோது முதல் வகையில் 3 வீடு, இரண்டாவதில் 14, மூன்றாவதில் 21. அதாவது தெருவில் பாதிக்கு மேல் பெயர் மாற்றப் பிரச்சினை. வாடகை உயர்வுதான் பெரிய பிரச்சினை என்று அதுவரை நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

காகிதம் தொலைந்துபோனவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அறநிலையத் துறை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். புல எண் (சர்வே நம்பர்) என்ன, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது, குத்தகை எந்தத் தேதியில் ஆரம்பித்து எந்தத் தேதியில் முடிந்தது, இப்போதைய வாடகையை எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று இந்த நான்கை மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். “எங்களுக்கு ஏன் அநியாயம் செய்கிறீர்கள்” என்று அதில் எழுதாதீர்கள். என் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அதைத்தான் முதல் வரியாக எழுதச் சொல்கிறார்கள். அவர்கள் வருத்தம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த வரி இருந்தால் மற்ற நான்குக்கும் பதில் வராமல் போய்விடும்.

யார் கையில் என்ன இருக்கிறது

மனை, குத்தகை, வாடகை, பெயர் மாற்றம் நான்கும் அறநிலையத் துறையின் விஷயம். நியாய வாடகையை 34-ஏ பிரிவின்படி ஒரு குழு நிர்ணயிக்கிறது. இணை ஆணையர், கோயிலின் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் ஆகியோர் அதில் இருப்பார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை திருத்துவார்கள். ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த 30 நாளை விட்டுவிட்டு, தேர்தல் வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். நோட்டீஸ் கிடைத்த அன்றே உறையின் மேல் தேதியை எழுதி வையுங்கள்.

பட்டா விஷயம் இன்னும் தெளிவு. 2019-ல் அரசே புறம்போக்கு நிலங்களில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா கொடுக்க ஆணை போட்டது. கோயில் நிலத்தைப் பொறுத்தவரை சென்னை உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அரசாங்கத்துக்கே அப்படியென்றால் ஒரு வார்டு கவுன்சிலரால் என்ன செய்ய முடியும்? ஆகவே “கோயில் மனைக்குப் பட்டா வாங்கித் தருகிறேன்” என்று சொல்கிற வேட்பாளருக்கு அந்த இடத்திலேயே ஒரு மதிப்பெண் குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அவருக்குத் தெரியவில்லை, இல்லை தெரிந்தே சொல்கிறார். எங்கள் சாமி சொத்து கோயிலிடமே இருக்கட்டும் என்பதுதான் எங்கள் தெருவில் பெரும்பாலோர் எண்ணம். தலைமுறை தலைமுறையாகக் கட்டி வருகிற வாடகையைக் கட்டக்கூடிய அளவில் வைத்து, எங்களை வாடகைதாரர் என்று மரியாதையாக எழுதினால் போதும்.

சரி, கவுன்சிலர் கையில் என்னதான் இருக்கிறது? நிறையவே இருக்கிறது. குடிநீர் இணைப்பு, பாதாளச் சாக்கடை இணைப்பு, சொத்து வரி, தெரு விளக்கு, சாலையின் அகலம், வடிகால். மாமன்றத்தில் தீர்மானம் கொண்டு வரும் உரிமை. மேயரைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான். எங்கள் மாநகராட்சியில் 48 வார்டு, அந்த 48 பேரின் ஓட்டில் மேயர் வருகிறார். 2022-ல் ஒரு ஆட்டோ ஓட்டுநர் மேயரானது இப்படித்தான். அதே வருடம் ஏப்ரல் 1-ம் தேதி, ஓட்டுப் போட்டு ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், வீட்டின் பரப்பளவைப் பொறுத்துச் சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. எங்களிடம் வந்த ஐந்து பேரில் ஒருவரிடம்கூட நாங்கள் சொத்து வரி பற்றிக் கேட்டிருக்கவில்லை.

நோட்டில் எழுத வேண்டிய கேள்விகள்

என் சித்தி இன்னொரு வார்டில் இருக்கிறாள். அவள் தெருவும் அடிமனைதான். 2022-ல் அங்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். அன்றைக்கு நானும் சித்தி வீட்டுத் திண்ணையில் இருந்தேன். வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். சித்தி மோர் கொடுத்துவிட்டு, “தம்பி, செத்துப்போன மாமனார் பேர்ல இருக்கிற தண்ணி இணைப்பை என் பேருக்கு மாத்தப் போனா, ஒரு தடவை கோயில் சான்று கேக்கறாங்க, இன்னொரு தடவை வாரிசுச் சான்று கேக்கறாங்க, மூணாந்தடவை ரெண்டுமே வேணாங்கறாங்க. என்னென்ன காகிதம் வேணும்னு ஆபீஸ் வாசல்ல எழுதிப் போட வெப்பியா?” என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். “அடிமனை என் கையில இல்லைம்மா. ஆனா இது முடியும்” என்றார். சித்தி நோட்டை நீட்டினாள். அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெயித்தார். எட்டு மாதம் கழித்து அலுவலகச் சுவரில் அந்தப் பட்டியல் ஒட்டப்பட்டது. சின்ன விஷயம்தான். ஆனால் அந்தத் தெருவில் பதினோரு வீட்டு இணைப்பு பெயர் மாறியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை.

இந்த முறை எங்கள் நோட்டில் இருக்கும் கேள்விகளைச் சொல்கிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாம், உங்கள் தெருவுக்கு ஏற்றபடி மாற்றியும் கொள்ளலாம்.

முதல் கேள்வி பெயர் மாற்றத்துக்கு. “இந்த வார்டில் உள்ள அடிமனை வீடுகளுக்குப் பெயர் மாற்ற முகாம் நடத்தும்படி அறநிலையத் துறையைக் கேட்டு, பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் மாமன்றத்தில் தீர்மானம் கொண்டு வருவீர்களா?” மாமன்றத் தீர்மானம் அறநிலையத் துறையைக் கட்டுப்படுத்தாது, அது எனக்கும் தெரியும். ஆனால் முப்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் கொடுக்கும் மனுவை விட மாநகராட்சியின் தீர்மானத்துக்குக் கோப்பில் வேறு எடை. ‘ஆறு மாதம்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். காலம் சொல்லாத வாக்குறுதியை நோட்டில் எழுதிப் பிரயோசனம் இல்லை.

இரண்டாவது, பழுது பார்ப்பது பற்றி. எதிர்வீட்டு அக்காவின் குளியலறைச் சுவர் ஒரு ஐப்பசி மழையில் சாய்ந்தது. அதைத் திரும்பக் கட்ட யாரிடம் அனுமதி கேட்பது என்றே தெரியவில்லை. ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கையைக் காட்டியது. இரண்டு வருடம் தார்ப்பாய் கட்டித்தான் இருந்தார். கேள்வி இதுதான்: “இடிந்ததை அதே அளவில் திரும்பக் கட்டுவதற்கு மாநகராட்சிக்கு என்ன காகிதம் வேண்டும், கோயிலுக்கு என்ன காகிதம் வேண்டும் என்று இரண்டு அலுவலகத்தையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துக் கேட்டுச் சொல்வீர்களா?”

மூன்றாவதை எல்லோரும் கேட்க வேண்டும், அடிமனையில் இல்லாதவர்களும்கூட. 2028-ல் மகாமகம். அடுத்து வரப்போகும் மாமன்றம் உட்கார்ந்து நாற்காலி சூடாவதற்குள் மகாமக வேலை தொடங்கிவிடும். சாலை, வடிகால், கழிப்பறை, கூட்டம் வந்து போகும் வழி எல்லாம் அதில் வரும். 1992 மகாமகத்தில் குளக்கரையில் நெரிசலில் உயிர்கள் போன ஊர் இது, வழி அகலமாக இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அகலப்படுத்தும்போது முதலில் அளவு நாடா விழுவது குத்தகை உறுதியில்லாத வீட்டின் திண்ணையில்தான். எனவே, “எங்கள் தெருவை அளக்க வருவதற்கு முன்பு வரைபடத்தை எங்களுக்குக் காட்டுவீர்களா? ஏரியா சபையில் வைத்துப் பேசுவீர்களா?” என்று கேளுங்கள்.

ஏரியா சபை என்றதும் எங்கள் தெருவிலேயே பலர் முழித்தார்கள். கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது. ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மக்களைக் கூட்ட வேண்டும். ஐந்து லட்சத்துக்குக் கீழ் ஜனத்தொகை உள்ள எங்களைப் போன்ற ஊர்களில் வார்டுக்கு நான்கைந்து, சென்னையில் பத்து. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாகக் கூட்டினார்கள். பம்மலில் நடந்த சபையில் அப்போதைய முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். சட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது, உட்காரத்தான் ஆள் வேண்டும். அதனால் நான்காவது கேள்வி: “ஏரியா சபை நடக்கும் தேதியை ஒரு வாரம் முன்னாலேயே தெருவில் எழுதிப் போடுவீர்களா? பேசியதை எழுதி ஒரு நகல் தருவீர்களா?” நகலுக்கு ஆகும் ஜெராக்ஸ் செலவு என்னுடையது என்று நான் முன்கூட்டியே சொல்லப்போகிறேன்.

ஐந்தாவதாக ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். இதற்கு ஆம், இல்லை என்று பதில் கிடையாது. “கோயிலுக்கும் நியாயமாக வருமானம் வர வேண்டும், எங்களுக்கும் கட்டுப்படியாக வேண்டும். வாடகையை எப்படி நிர்ணயித்தால் சரி என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?” இதற்கு யாராவது நின்று நிதானமாகப் பதில் சொன்னால் அவர் இந்த விஷயத்தைப் பற்றி முன்பே யோசித்தவர். என் கணக்கில் மற்ற நான்கையும் விட இந்தப் பதிலுக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

எப்போது, எப்படி

நேரம் மிகக் குறைவு. 2022-ல் வேட்புமனுவை வாபஸ் வாங்கும் கடைசி நாள் பிப்ரவரி 7. பிரச்சாரம் 17-ம் தேதி மாலையோடு முடிந்தது. நடுவில் பத்தே நாள். அந்தப் பத்து நாளில் உட்கார்ந்து கேள்வி தயாரிக்க முடியாது. அறிவிப்பு வருவதற்கு முன்பே நோட்டு தயாராக இருக்க வேண்டும்.

ஊர்வலமாக, மேளத்தோடு வரும்போது கேட்காதீர்கள். பதில் சொல்ல அவரை விடமாட்டார்கள். கூட வருகிற பையன்களில் ஒருவரிடம் போன் நம்பர் வாங்கி, “காலையில் பத்து நிமிடம் திண்ணைக்கு வரச் சொல்லுங்கள், பத்துக் குடும்பம் உட்கார்ந்திருக்கும்” என்று சொல்லுங்கள். பத்துக் குடும்பம் என்றால் வருவார். எல்லாக் கட்சிக்காரரையும், சுயேச்சையையும் கூப்பிட வேண்டும். ஒருவரை விட்டால்கூடத் தெருவுக்குக் கட்சிச் சாயம் பூசிவிடுவார்கள். அப்புறம் யார் ஜெயித்தாலும் நமக்குக் கதவு திறக்காது.

கேள்வியை ஒருவரே படிக்கட்டும், பெரும்பாலும் பெண்கள் படித்தால் நல்லது. எங்கள் தெருவில் ஆண்கள் பேச ஆரம்பித்தால் அது கட்சிச் சண்டையில் போய் நிற்கிறது. ஒருவர் எழுத வேண்டும். அவர் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். “பார்க்கலாம்” என்று சொன்னால் “பார்க்கலாம்” என்றே எழுதுங்கள், அதை ஆம் என்று மாற்றி எழுதாதீர்கள். எழுதியதை அவர் முன்னாலேயே படித்துக் காட்டிக் கையெழுத்துக் கேளுங்கள். போட மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், மறுத்தார் என்பதையும் தேதியோடு எழுதிவிடுங்கள். பணமோ வேட்டி சேலையோ அந்தத் திண்ணையில் பேச்சு வரவே கூடாது. ஒரு வீட்டுக்காரர் கவரை வாங்கிவிட்டால் நோட்டில் உள்ள ஐந்து கேள்விக்கும் அன்றோடு மரியாதை போய்விடும். இதில் எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே மனதாக இருக்கிறோம் என்று சொல்லமாட்டேன். பேசிக்கொண்டிருக்கிறோம்.

எல்லோருடைய பதிலும் வந்த பிறகு ஐந்து கேள்வி, அத்தனை பேர் பதில், ஒரே தாளில் போட்டு வீட்டுக்கு ஒரு நகல் கொடுங்கள். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இருக்கக்கூடாது. படித்துவிட்டு அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

தேர்தல் முடிந்ததும் நோட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஜெயித்தவர் பதவியேற்ற வாரத்திலேயே, அவர் சொன்ன பதில்களின் நகலை வாழ்த்தோடு கையில் கொடுங்கள். முதல் ஏரியா சபையில் அதே பக்கத்தைப் படியுங்கள், ஆறாவது மாதம் மறுபடி படியுங்கள். கும்பகோணம் மாதிரி ஊர்களுக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) எழுதும்போதும் இதே தாள் உதவும். நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டம் வெளியானதும் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் நேரம் கொடுக்க வேண்டும். தெருவின் கணக்கு, வீட்டின் கணக்கு எல்லாம் ஏற்கனவே கையில் இருந்தால் அந்த இரண்டு மாதம் தாராளம்.

எங்கள் நோட்டு நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் வீட்டு எண் வரிசையில் பெயரும் ரசீது விவரமும் எழுதியாயிற்று. 17-ம் எண் வீட்டுப் பெரியப்பா மட்டும் ரசீது கிடைக்கவில்லை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதாம், அவருக்கு ஏற முடியவில்லை. வருகிற ஞாயிறு கடையை மூடிவிட்டு நான் போய் ஏறிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.